'தி பிரிட்ஜ்' தொடரும் சாகா நோரேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றப் புலனாய்வுத் தொடர்களில் எதைப் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் பெயர் 'தி பிரிட்ஜ்'. சொன்ன ஒரு வாரத்துக்குள் அவர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "இந்தப் பெண் ஏன் இப்படி நடந்துகொள்கிறாள்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. கேட்பது தொடரின் நாயகியான காவல் அதிகாரி சாகா நோரேனைப் பற்றி. பலமுறை சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைக் கடைசி இரண்டு கேள்விகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

இது எந்த நாட்டுத் தொடர்? எத்தனை எபிசோடுகள்?

ஸ்வீடனும் டென்மார்க்கும் சேர்ந்து எடுத்த தொடர். இரண்டு மொழிகளிலும் அதன் பெயருக்குப் பாலம் என்றே பொருள். ஸ்வீடனில் 'ப்ரூன்', டென்மார்க்கில் 'ப்ரோஎன்'. 2011, 2013, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் நான்கு சீசன்கள் வந்தன. முதல் மூன்றில் பத்துப் பத்து, கடைசியில் எட்டு, ஆக மொத்தம் 38 எபிசோடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். உருவாக்கியவர் ஹான்ஸ் ரோசன்ஃபெல்ட் என்ற ஸ்வீடிஷ் எழுத்தாளர். கதை முடிந்துவிட்டது, தொங்கலில் விடப்படவில்லை. தைரியமாகத் தொடங்கலாம்.

கதை எப்படித் தொடங்குகிறது?

ஸ்வீடனின் மால்மோ நகரையும் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனையும் இணைக்கும் ஒரெசுண்ட் பாலத்தில் நள்ளிரவில் விளக்குகள் அணைகின்றன. மீண்டும் எரியும்போது சாலையின் நடுவில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. சரியாக எல்லைக்கோட்டின் மேல். பாதி உடல் ஸ்வீடனில், பாதி டென்மார்க்கில். மால்மோவிலிருந்து சாகா நோரேன் வருகிறாள், கோபன்ஹேகனிலிருந்து டேனிஷ் காவல் அதிகாரி மார்ட்டின் ரோடெ வருகிறான். இறந்தவர் ஸ்வீடனின் அரசியல்வாதி என்று தெரிந்ததும், வழக்கு சாகாவுக்கே என்று மார்ட்டின் விட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறான். பிறகு உடலைத் தூக்க முற்படும்போதுதான் அது இடுப்பில் இரண்டாகப் பிரிகிறது. மேல் பாதி ஒரு பெண், கீழ்ப் பாதி இன்னொரு பெண். அந்த இன்னொரு பெண் கோபன்ஹேகனில் பாலியல் தொழிலில் இருந்தவர். அவர் காணாமல் போனதை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

இந்தத் தொடக்கம் வெறும் அதிர்ச்சிக்காக வைக்கப்பட்டதாக முதல் முறை பார்த்தபோது நினைத்தேன். இரண்டாம் முறைதான் உறைத்தது. இந்தக் கொலையாளி தன்னை உண்மையின் பெயரால் பயங்கரவாதம் செய்பவனாக அறிவித்துக்கொள்கிறான். சமுதாயத்தின் ஐந்து குறைகளைக் காட்டப் போவதாகச் சொல்கிறான். அவற்றில் முதலாவது, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் இல்லை என்பது. அரசியல்வாதி இறந்தால் இரண்டு நாடுகளும் அலறும், மற்றவள் இறந்தால் கோப்பு மூடப்படும். அதைத்தான் இரண்டு பாதி உடல்களை ஒட்டவைத்துச் சொல்கிறான்.

சாகா நோரேன் யார்?

மால்மோ காவல்துறையின் மாவட்டக் குற்றப்பிரிவு அதிகாரி. தொலைபேசியை எடுத்தாலும் கதவைத் தட்டினாலும் ஒரே வாக்கியம்தான்: "சாகா நோரேன், மாவட்டக் குற்றப்பிரிவு, மால்மோ." பெயரோடு வேலையும் ஊரும் ஒட்டியே வரும். (ஸ்வீடிஷ் மொழியில் 'சாகா' என்றால் தேவதைக் கதை என்று பொருள். இவளுக்கு இந்தப் பெயரை வைத்தவர்களை நினைத்து வியந்திருக்கிறேன்.)

தோல் கால்சட்டை, நீண்ட கோட்டு, வாரிய தலை, பழைய போர்ஷே கார். அலுவலகத்தில் சட்டை கசங்கிவிட்டால் எல்லோர் முன்பும் அங்கேயே கழற்றி வேறு சட்டை மாற்றிக்கொள்வாள். அதில் எந்தச் செய்தியும் இல்லை, சட்டை மாற்ற வேண்டியிருந்தது, மாற்றினாள். மற்றவர்கள் நகைச்சுவை சொன்னால் அவளுக்குப் புரியாது. துக்கத்தில் இருப்பவர்களிடம் ஆறுதல் சொல்லாமல் நேராகக் கேள்விக்குப் போய்விடுவாள். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே இரவில் படித்துவிட்டு, காலையில் மற்றவர் கண்ணில் படாத ஒரே ஒரு பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டுவாள்.

அவளுடைய இளமைக்காலத்தில் ஒரு பெரிய காயம் இருக்கிறது. தங்கை ஜெனிஃபரைத் தாய் வேண்டுமென்றே நோயாளியாக்கிக்கொண்டிருந்தாள் என்று நம்பி, அவளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தன்னோடு வைத்துக்கொண்டவள் சாகா. அதற்குப் பிறகும் தங்கை தற்கொலை செய்துகொண்டாள். இதை முதல் சீசன்களில் துணுக்குத் துணுக்காகத்தான் சொல்கிறார்கள். மூன்றாம் சீசனில் தாயே நேரில் வந்து நிற்கும்போதுதான் அதன் முழுக் கனமும் தெரிகிறது.

அவளுக்கு ஆட்டிசம் இருக்கிறதா?

பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் அவளைத் தங்களில் ஒருத்தியாகவே வரவேற்றார்கள். ஆனால் தொடருக்குள் எந்த மருத்துவரும் எந்தப் பெயரும் சூட்டுவதில்லை. இதை நான் பெரிதும் மதிக்கிறேன். பெயர் சூட்டியிருந்தால், அவள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு சொல்லே விளக்கமாகிவிட்டிருக்கும். நாமும் அவளைக் கவனிப்பதை விட்டிருப்போம்.

அவளுடைய மேலதிகாரி ஹான்ஸ் செய்வதைப் பாருங்கள். அவளைத் திருத்த முயல்வதில்லை. இந்த இடத்தில் இப்படிக் கேட்டால் எதிரே இருப்பவர் மனம் புண்படும் என்று பொறுமையாக ஒரு முறை சொல்வார். அவள் அதை ஒரு விதியாகக் குறித்துக்கொள்வாள், அடுத்த முறை பின்பற்றுவாள். அவருக்கு அதுவே போதும். இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் எத்தனை பேர் எவ்வளவு நிம்மதியாக வேலை பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

முதல் எபிசோடிலேயே ஆம்புலன்ஸை நிறுத்துகிறாளே, அவளை எப்படி விரும்புவது?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். காட்சி இது: பாலம் மூடப்பட்டிருக்கிறது. இதய அறுவை சிகிச்சைக்காகக் கணவனை ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் பணக்காரப் பெண் ஒருத்தி வழிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். சாகா முடியாது என்கிறாள். இது குற்றம் நடந்த இடம், வண்டி போனால் தடயம் அழியும். குரலில் கோபமோ இளக்கமோ எதுவும் இல்லை. அந்தப் பெண் மார்ட்டினிடம் போகிறாள். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு, போங்கள் என்று கையசைக்கிறான். சாகா அவனிடம் சொல்கிறாள்: உன்மேல் புகார் எழுதப் போகிறேன். சொன்னபடியே எழுதுகிறாள்.

நானும் அந்த இடத்தில் மார்ட்டின் பக்கம்தான் நின்றேன், இன்றைக்கும் அவன் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் இல்லை என்று கொலையாளி சொல்லப் போகிற கதை இது. அந்தப் பாலத்தில் எல்லோரையும் சமமாக நடத்திய ஒரே ஆள் சாகா. பணமும் கண்ணீரும் கெஞ்சலும் அவளிடம் எடுபடவில்லை. அவளைத்தான் நாம் வெறுக்கிறோம். சமமான சட்டம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம், அது நேரில் வந்து நிற்கும்போது இரக்கமில்லாத முகமாகத் தெரிகிறது. இத்தனை பெரிய விஷயத்தை ஒரு ஆம்புலன்ஸை வைத்து, முதல் அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகிறார்கள்.

சாகாவுக்கு இரக்கம் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மனிதர்களின் முகத்தைப் படிக்க அவளால் முடியாது. அதனால் யாருக்கும் அநியாயம் செய்துவிடாமல் இருக்க அவளுக்குக் கிடைத்த ஒரே பிடிமானம் விதிதான். அதை விட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்?

மார்ட்டின் எப்படிப்பட்டவன்?

எல்லா வகையிலும் அவளுக்கு நேர் எதிர். கலகலப்பானவன், தளர்வானவன், மூன்று பெண்களிடம் ஐந்து பிள்ளைகள் பெற்றவன். கதை தொடங்கும்போதுதான் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வலியோடு நடக்கிறான். மார்ட்டினாக நடிக்கும் கிம் போட்னியா அந்த வலியை நடையிலேயே கொண்டுவருவார். பொய் சொல்வதும் சமாளிப்பதும் அவனுக்குக் கைவந்த கலை. அந்தத் திறமையால்தான் எல்லோருக்கும் நல்லவனாக இருக்கிறான், அதே திறமையால்தான் வீட்டில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறான். சாகா முதல் முறையாக ஒருவரை நண்பர் என்று எண்ணுவது இவனைத்தான்.

மூன்றாம் சீசனிலிருந்து இவன் இல்லை. அவன் இடத்தில் வரும் ஹென்ரிக் சப்ரோவாகத் துரே லிண்ட்ஹார்ட் நடிக்கிறார். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் காணாமல் போன மனிதன். முதல் இரண்டு எபிசோடுகளுக்கு எனக்கு அவன்மேல் பற்று வரவில்லை, மூன்றாவதிலிருந்து வந்துவிட்டது.

ஒருவர் ஸ்வீடிஷ், ஒருவர் டேனிஷ். எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்?

அவரவர் மொழியில்தான். ஸ்வீடிஷும் டேனிஷும் ஒரே குடும்பத்து நெருங்கிய மொழிகள். சாகா ஸ்வீடிஷில் கேட்பாள், மார்ட்டின் டேனிஷில் பதில் சொல்வான், உரையாடல் நடந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத் துணையெழுத்தைப் படிக்கும் நமக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்வீடிஷில் ஒரு ஏற்ற இறக்கம், ஏறக்குறைய பாட்டுப் போல இருக்கும். டேனிஷ் தொண்டையில் விழுங்கப்பட்டுக் குழைந்து வரும். இரண்டு எபிசோடுகளில் வேறுபாடு பிடிபட்டுவிடும். பிறகு யார் எந்த நாட்டில் நிற்கிறார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். அதனால் ஆங்கிலக் குரல் சேர்த்த வடிவம் எங்காவது கிடைத்தாலும் வேண்டாம், மூல ஒலியிலேயே பாருங்கள்.

அந்தப் பாலம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. 2000 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. நீளம் 7,845 மீட்டர். மேல்தளத்தில் நான்கு வழிச் சாலை, கீழ்த்தளத்தில் ரயில். ஸ்வீடன் கரையிலிருந்து கிளம்பிக் கடலின் நடுவே பெபர்ஹோல்ம் என்ற செயற்கைத் தீவில் முடிகிறது. அங்கிருந்து டென்மார்க் வரை கடலுக்கடியில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் சுரங்கம்.

தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த எல்லை மாறியது. முதல் சீசன் வந்தபோது மக்கள் மால்மோவில் குடியிருந்துகொண்டு கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள், யாரும் அடையாள அட்டை கேட்டதில்லை. அகதிகள் பெருமளவில் வந்த 2015-க்குப் பிறகு, 2016 ஜனவரி 4 முதல் டென்மார்க்கிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் ஸ்வீடனுக்கு வருபவர்கள் அடையாள அட்டை காட்ட வேண்டியதாயிற்று. நான்காம் சீசனின் முதல் கொலையைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கின் குடியேற்றத் துறைத் தலைவியை இடுப்புவரை புதைத்துக் கல்லால் அடித்துக் கொன்றிருப்பார்கள். இடம், அதே பாலத்தின் அடியில்.

சாகாவின் உதட்டுக்கு மேலுள்ள தழும்பு ஒப்பனையா?

ஒப்பனை இல்லை. நடிகை சோஃபியா ஹெலின் இருபதுகளில் சைக்கிள் விபத்தில் சிக்கியபோது ஏற்பட்டது. அதை மறைக்காமல் நடித்தார்.

அந்தக் கார்?

1977-ஆம் ஆண்டு போர்ஷே 911. பச்சையா கடுகு நிறமா என்று சொல்ல முடியாத ஒரு மங்கல் நிறம். தொடர் முடிந்தபின் 2018-இல் ஏலம் விட்டு, கிடைத்த பணத்தைக் குடிநீருக்காக உழைக்கும் வாட்டர்எய்ட் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள்.

எவ்வளவு இருண்ட தொடர்? யார் பார்க்கக் கூடாது?

மிகவும் இருண்டது. உடல்கள் கோரமாகக் காட்டப்படுகின்றன, குழந்தைகள் பாதிக்கப்படுகிறார்கள், தற்கொலை முதல் சீசனிலிருந்தே கதையின் அடியில் ஓடுகிறது. மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடில் தண்டவாளத்தின் அருகே நடக்கும் காட்சியை, அந்த வகையில் யாரையாவது இழந்தவர்கள் தனியாகப் பார்க்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் போட வேண்டிய தொடரே இல்லை.

வெளிச்சமும் அப்படித்தான். சாம்பலும் நீலமுமாக ஒரு சாயல், ஈரமான சாலைகள். டென்மார்க்கின் 'கொயர் ஆஃப் யங் பிலீவர்ஸ்' குழுவின் 'ஹாலோ டாக்' பாடல் தலைப்பில் ஒலிக்கும்போதே வீடு குளிர்ந்துவிடும்.

எந்த சீசன் சிறந்தது?

என் கணக்கில் மூன்றாவது. முதலாவதில் கட்டமைப்பு அபாரம், ஆனால் கொலையாளியின் சமுதாயக் குற்றச்சாட்டுகள் எல்லாம் கடைசியில் ஒரு தனிப்பட்ட பழிவாங்கலுக்குப் போட்ட திரையாகிவிடுகின்றன. வீடற்றவர்கள், மனநோயாளிகள், குழந்தைத் தொழிலாளர்கள் பற்றி அத்தனை தூரம் பேசிவிட்டு அப்படி விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம். ஆளில்லாத கப்பல் ஒன்று பாலத்தில் வந்து மோதுவதோடு இரண்டாவது தொடங்குகிறது, உள்ளே ஐந்து இளைஞர்கள் சங்கிலியில் கிடக்கிறார்கள். தொடக்கம் பிரமாதம், நடுவில் கிளைகள் அதிகம். மூன்றாவதில் வழக்கும் சாகாவின் வாழ்க்கையும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. தாய் அவள் எதிரே உட்கார்ந்து மென்மையாகப் பேசும் காட்சிகளில் ரத்தம் ஒரு துளி இல்லை, ஆனால் நான்கு சீசன்களிலும் எனக்கு அதிகம் பயம் தந்தவை அவைதான். நான்காவதில் கொலைகள் களைப்பூட்டும், சாகா மட்டும் இதுவரை இல்லாத அளவுக்குத் திறந்துகொள்கிறாள்.

வரிசை மாற்றிப் பார்க்க வேண்டாம்.

மற்ற நாடுகளில் எடுத்த வடிவங்கள் எப்படி?

எல்லை இருக்கும் இடமெல்லாம் இந்தக் கதை போனது. 2013-இல் அமெரிக்காவின் எல் பாசோவுக்கும் மெக்ஸிகோவின் சியுடாட் ஹுவாரெஸுக்கும் இடையே ஒன்று. அதே ஆண்டில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையிலான கடலடிச் சுரங்கத்தில் 'தி டனல்'. 2018-இல் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தில் ஒன்று. அங்கே வேலைக்காகத் தினமும் எல்லை கடக்கும் நம்மவர்களுக்கு அந்தச் சாலை தொடரில் வருவதே தனி அனுபவமாக இருக்கும். அமெரிக்க வடிவத்தில், ஹுவாரெஸில் காணாமல் போகும் பெண்கள் என்ற உண்மையான துயரம் பின்னணியாக வருவதால் அதற்கென்று ஒரு கனம் உண்டு. ஆனால் முதலில் மூலத்தைப் பாருங்கள்.

இதைப் பிடித்தவர்கள் அடுத்து எதைப் பார்க்கலாம்?

டென்மார்க்கின் 'ஃபோர்ப்ரிடெல்சன்', ஆங்கிலத்தில் 'தி கில்லிங்'. 2007-இல் வந்தது. சாரா லுண்டாக சோஃபி க்ரோபெல். ஒரே கொலை, முதல் சீசனில் இருபது எபிசோடுகள். மகளை இழந்த பெற்றோரின் துக்கத்தை இவ்வளவு நேரம் கொடுத்துக் காட்டிய வேறு குற்றத்தொடரை நான் பார்த்ததில்லை. சாகாவை எழுதிய ரோசன்ஃபெல்ட்டே 2016-இல் லண்டனில் 'மார்செல்லா'வை உருவாக்கினார். கணவன் விட்டுப்போன பிறகு காவல்துறைக்குத் திரும்பும் பெண், நடுநடுவே நினைவு அறுந்துபோகிறது, அந்த நேரத்தில் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. அன்னா ஃப்ரீல் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார், கதைதான் அவரைப் பலமுறை கைவிடுகிறது. இவர்கள் எல்லோருக்கும் மூத்தவள் 1991-இல் வந்த பிரிட்டனின் 'பிரைம் சஸ்பெக்ட்'. ஹெலன் மிரன் நடித்த ஜேன் டென்னிசன் கொலையாளியைவிடத் தன் சொந்த அலுவலகத்து ஆண்களோடுதான் அதிகம் போராட வேண்டியிருக்கும்.

(கதை வெளிப்படும்) நண்பன் மார்ட்டினையே காட்டிக்கொடுத்தாளே, அது சரியா?

முதல் சீசனின் முடிவில் மார்ட்டினின் மகன் ஆகஸ்ட் கொல்லப்படுகிறான். பாலத்தில் கொலையாளி யென்ஸை நோக்கித் துப்பாக்கி நீட்டி நிற்கிறான் மார்ட்டின். அவனைத் தடுக்க சாகா சொல்கிறாள்: ஆகஸ்ட் உயிரோடு இருக்கிறான். பொய் சொல்லவே தெரியாதவள் நண்பனுக்காகச் சொன்ன பொய். அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான், பொய் என்று உடனே தெரிந்துவிடுகிறது. அவன் கொலைகாரனாகிவிடாமல் இருக்க அவனையே சுடுகிறாள்.

இரண்டாம் சீசனின் முடிவில் யென்ஸ் சிறையில் இறந்துகிடக்கிறான். தற்கொலை என்று எல்லோரும் நம்புகிறார்கள். மார்ட்டின்தான் நஞ்சு கொடுத்தான் என்று சாகா கண்டுபிடிக்கிறாள். உலகத்தில் தனக்கிருந்த ஒரே நண்பன். அவள் புகார் செய்கிறாள்.

எனக்கு அந்த இடத்தில் ஆம்புலன்ஸ்தான் நினைவுக்கு வந்தது. முதல் எபிசோடில் அவன்மேல் எழுதியது போலவேதான் இருபதாவது எபிசோடிலும். அன்று அவளுக்கு அது எந்த வலியும் தரவில்லை. இன்று அழுகையை அடக்க முடியாமல் இருக்கிறாள். விதி மாறவில்லை, அதற்கு அவள் கொடுக்கும் விலை மாறிவிட்டது. சரியா என்று கேட்டால், சரி என்பேன். வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள், நானும் மறைத்திருப்பேன்.

(கதை வெளிப்படும்) கடைசிக் காட்சியில் காவல்துறை அடையாள அட்டையை ஏன் வீசுகிறாள்?

நான்காம் சீசனில் அவள் மனநல ஆலோசகரிடம் போகத் தொடங்குகிறாள். தங்கையின் மரணத்துக்குத் தான்தான் காரணம் என்ற குற்ற உணர்வு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, காவல்துறைக்கு வந்ததற்கே அதுதான் அடிப்படையா என்ற கேள்விகளை அங்கேதான் முதல் முறையாக வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறாள். தங்கையின் மரணம் பற்றிய உண்மையும் தெளிவான பிறகு, போர்ஷேயை ஓட்டிக்கொண்டு பாலத்துக்கு வருகிறாள். முதல் உடல் கிடந்த அதே பாலம். வண்டியை நிறுத்தி, ஓரத்துக்குப் போய், அடையாள அட்டையைக் கடலில் எறிகிறாள்.

வேலையை விட்டுவிட்டாள் என்று சிலர் சோகமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரில் திரும்பி ஏறியதும் தொலைபேசி அடிக்கிறது. நான்கு சீசன்களாக அந்த அழைப்புக்கு நாம் கேட்டுப் பழகிய வாக்கியம் நம் வாயிலேயே வந்துவிடும். அவள் எடுக்கிறாள். "சாகா நோரேன்" என்கிறாள். அவ்வளவுதான்.